சின்னப் படகுக்கு பாட்டரி மோட்டார்: திரும்பி வர கரண்ட் இருக்குமா?

மண்எண்ணெய் வேண்டாம். கயிறு சுற்றி இழுக்க வேண்டாம். சத்தம் இல்லை, புகை இல்லை. கைப்பிடியைத் திருகினால் போதும், படகு நகரும். விலையோ ஜப்பான் எஞ்சினோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு!

இப்படிச் சொல்லித்தான் பாட்டரியில் ஓடும் சின்னப் படகு மோட்டார்களை விற்கிறார்கள். செல்போனில் படத்தைப் பார்த்துப் பணம் கட்டினால் வீட்டு வாசலுக்கே வந்து இறங்குகிறது.

வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் எந்தத் தண்ணீரில் ஓட்டப் போகிறோம், எவ்வளவு தூரம் போகப் போகிறோம், எந்த மாதத்தில் போகப் போகிறோம்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும். தெரியாமல் வாங்கினால் போவது பணம் மட்டும் அல்ல. ஆளே போய்விடலாம்!

50 கிலோ மீட்டர் கரை

நெல்லை மாவட்டத்துக்கு சுமார் 50 கிலோ மீட்டர் கடற்கரை இருக்கிறது. கூடுதாழை, கூட்டப்பனை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று வரிசையாக மீனவர் ஊர்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், 1986-ம் ஆண்டு மாவட்டம் பிரிந்தபோது தூத்துக்குடி பக்கம் போய்விட்டது. ஆனாலும் அது நெல்லைக்காரர்களின் ஆறு முடிகிற இடம்தான்.

இந்தக் கரையில் ஒரு காலத்தில் பாயும் துடுப்பும்தான். 1980-களில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நாட்டுப் படகுகளின் பின்னால் அவுட்போர்டு எஞ்சின் ஏறியது. தூரமாகப் போக முடிந்தது. சீக்கிரம் கரைக்கு வர முடிந்தது. கூடவே எண்ணெய்ச் செலவும் ரிப்பேர்ச் செலவும் ஏறின. கடனுக்கு எடுத்த மிஷின், மீன் ஏலத்தில் வந்த காசிலேயே தவணையைப் பிடித்துக்கொண்டது.

மிஷினின் விலை வேறு. மிஷின் வைத்திருப்பதன் விலை வேறு. அப்போது கரை கற்ற பாடம் இது. பாட்டரி மோட்டாருக்கும் அதே பாடம்தான்.

டிராலர் அல்ல

இந்த மோட்டாருக்கு ஊரில் ‘டிரோலிங் மோட்டார்’ என்று பெயர். பெயரைக் கேட்டதும் பெரிய இழுவை மடி போடும் டிராலர் விசைப்படகு ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு.

தூண்டிலைப் படகுக்குப் பின்னால் இழுத்தபடி, மீன் கலையாமல், மெல்ல ஊர்ந்து போவதற்குப் பெயர்தான் டிரோலிங். அதற்காகச் செய்த சின்ன மோட்டார் இது. அமெரிக்காவில் ‘மின் கோட்டா’ என்ற பெயரில் 1934-ம் ஆண்டிலிருந்து வருகிறது. ஏரியில் பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்களுக்கு உண்டானது.

மின்சாரப் படகு அதற்கும் முந்தியது. 1881-ம் ஆண்டிலேயே குஸ்தாவ் துரூவே என்ற பிரெஞ்சுக்காரர் பாரீஸ் நகரில் சேன் ஆற்றில் பாட்டரியால் படகு ஓட்டிக் காட்டினார். நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மோட்டார் எவ்வளவோ முன்னேறியும், அன்று இருந்த தொல்லை இன்றும் இருக்கிறது. கரண்ட்டை மூட்டை கட்டிக் கொண்டு போவது எப்படி?

கரையில் கரண்ட்டுக்குப் பஞ்சம் இல்லை. இடிந்தகரைக்குப் பக்கத்திலேயே கூடங்குளம் இருக்கிறது. தலா 1,000 மெகாவாட் அணு உலைகள். ஆனால் கடலுக்குள் ஒயர் இழுத்துக்கொண்டு போக முடியாதே!

கடையில் போட வேண்டிய கணக்கு

விளம்பரத்தில் ‘மூன்று குதிரை சக்தி’, ‘ஐந்து குதிரை சக்தி’ என்று போட்டிருக்கும். நம்பிவிடக் கூடாது. கடைக்குப் போனால் பேச்சு இப்படி இருக்க வேண்டும்:-

“அண்ணாச்சி, இது எத்தனை எச்.பி.?”

“மூணு எச்.பி. தம்பி. சூப்பரா இழுக்கும்.”

“எத்தனை வோல்ட்? முழு வேகத்துல எத்தனை ஆம்பியர் எடுக்கும்?”

“12 வோல்ட்டு. ஒரு அம்பது ஆம்பியர் எடுக்கும்.”

அவ்வளவுதான். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்க வேண்டும். 12 பெருக்கல் 50, மொத்தம் 600 வாட். ஒரு குதிரை சக்தி என்பது 746 வாட். ஆக, இது முக்கால் குதிரையைக் கொஞ்சம் தாண்டும். மூணு எங்கே, முக்கால் எங்கே!

டிரோலிங் மோட்டாரின் பலத்தைக் குதிரை சக்தியில் சொல்லாமல் ‘பவுண்டு’ கணக்கில் சொல்வதுதான் முறை. அது தள்ளும் விசை. 55 பவுண்டு என்றால் ஏறக்குறைய 25 கிலோ விசை.

படகின் எடை, ஆள், வலை, பாட்டரி, ஐஸ், மீன் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு 100 கிலோவுக்கும் குறைந்தது நாலரை பவுண்டு வேண்டும். இது அசையாத ஏரித் தண்ணீருக்கான கணக்கு. காற்றும் நீரோட்டமும் உள்ள இடத்தில் அதைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பேர் ஏறிய சின்னப் படகு, மொத்தம் 600 கிலோ என்றால் ஏரியில் 27 பவுண்டு போதும். கழிமுகத்தில் 55 பவுண்டு கேட்கும். நாலைந்து பேர், வலை, மீன் என்று 2 டன் நிற்கும் பைபர் படகு என்றால்? ஏரியிலேயே 90 பவுண்டு வேண்டும். கடலில் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஒரு லிட்டரும் மூணு பாட்டரியும்

வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் சுலபமாகப் புரியும். கரண்ட் போனால் இரண்டு மின்விசிறியும் நாலு விளக்கும் எத்தனை நேரம் ஓடும் என்பது பாட்டரியைப் பொறுத்தது அல்லவா? இதுவும் அப்படித்தான்.

12 வோல்ட், 100 ஏ.எச். பாட்டரி ஒன்றில் இருப்பது 1,200 வாட்-மணி. கரண்ட் பில் பாஷையில் சொன்னால் ஒன்றே கால் யூனிட்டு கூட இல்லை. அதுவும் ஆசிட் பாட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆக, நிஜமாகக் கைக்கு வருவது அரை யூனிட்டும் கொஞ்சமும்.

ஒரு லிட்டர் மண்எண்ணெயில் 10 யூனிட் அளவு வெப்பம் அடங்கி இருக்கிறது. சின்ன எஞ்சின் அதில் பெரும் பகுதியைப் புகையாகவும் சூடாகவும் விட்டுவிடும். அப்படியும் ஒன்றரை யூனிட் முதல் இரண்டு யூனிட் வரை உருப்படியாக வேலை செய்யும். அதாவது ஒரு லிட்டர் மண்எண்ணெய், மூன்று ஆசிட் பாட்டரிக்குச் சமம்!

மண்எண்ணெய் ஒரு கிலோ கூட வராது. மூன்று பாட்டரி 75 கிலோவைத் தாண்டும்.

பாட்டரி மோட்டார் மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கரண்ட்டைக் கையாளுவதில் அது எஞ்சினைவிடக் கெட்டி. சும்மா நிற்கும்போது துளியும் குடிக்காது. ஒரு பாட்டரியைக் கரையில் சார்ஜ் ஏற்ற ஒன்றரை யூனிட் போதும். செலவு அற்பம். சுமந்து போகிற மூட்டைதான் பெரிசு.

போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு

கடலுக்குப் போகிறவர்கள் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே விதி இதுதான்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு.

55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சின்னப் படகை மணிக்கு சுமார் 5 கிலோ மீட்டர் தள்ளும். 50 ஆம்பியர் எடுக்கும். ஒரே ஒரு 100 ஏ.எச். ஆசிட் பாட்டரியில் உபயோகிக்கக் கூடியது 50. அதை மூன்று பங்கு வைத்தால் போவதற்கு 20 நிமிஷம்தான். தூரம் ஒன்றரை கிலோ மீட்டரை ஒட்டி வரும். அவ்வளவுதான்.

1983-ம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து 3 கடல் மைல் தூரம் நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த எல்லை வரை போக வேண்டும் என்றால் ஐந்தரை கிலோ மீட்டர். திரும்ப ஐந்தரை.

கணக்கு போட்டால் போவதற்கு 55, வருவதற்கு 55, காற்றுக்கு 55. ஆக மொத்தம் 165 ஏ.எச். ஆசிட் பாட்டரியில் பாதிதான் எடுக்கலாம் என்பதால் 330 வேண்டும். நாலு பாட்டரி! எடை 100 கிலோவுக்கு மேல். படகில் ஒரு ஆளையும் அரை ஆளையும் இறக்கிவிட்டுத்தான் பாட்டரியை ஏற்ற வேண்டும்.

லித்தியம் பாட்டரியில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை இறக்கலாம். அப்போது 200 ஏ.எச். போதும். எடை 25 கிலோ அளவில் நிற்கும்.

இன்னொரு வழியும் உண்டு. மெதுவாகப் போவது. வேகத்தைப் பாதியாக்கினால் தேவையான சக்தி ஏட்டுக் கணக்கில் எட்டில் ஒரு பங்காக இறங்குகிறது. நிஜத்தில் அவ்வளவு இறங்காது. ஆனாலும் அதே பாட்டரியில் இரண்டு மடங்கு தூரம் தாராளமாகப் போகலாம். முறுக்கித் திருகுகிற கைக்குத்தான் பாட்டரி சீக்கிரம் தீரும்.

மேல்காற்று எமன்

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். எந்த மாதம்?

நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால், பணகுடி தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுழலுவது தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை விலகி நிற்கும் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக, தென்மேற்குப் பருவக்காற்று கொட்டுகிற இடம் அது. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை அந்தக் காற்றுக்கு ஓய்வு இல்லை.

அந்தக் காற்று முப்பந்தலில் இறக்கையைச் சுற்றிவிட்டு எங்கே போகிறது? ராதாபுரம் செம்மண் தேரியைக் கடந்து, நேராகக் கடலுக்குத்தான் போகிறது.

இதில்தான் ஆபத்து. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்றில் கரை ஓரம் தண்ணீர் அமைதியாகத் தெரியும். படகு சுகமாகப் போகும். முதுகில் காற்று தள்ளுவதால் மோட்டாருக்கு வேலையே இருக்காது. “ஆகா, என்னமா ஓடுது!” என்று தோன்றும்.

திரும்பும்போதுதான் தெரியும். எதிர்க்காற்று முகத்தில் அறையும். முக்கால் குதிரை மோட்டார் முழு மூச்சாகச் சுற்றும். படகு நின்ற இடத்தில் நிற்கும். பாட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். அது தீர்ந்தால் படகு போகிற திசை மன்னார் வளைகுடா. அதற்கு அப்புறம் இலங்கை.

காற்றாலைக்கு லாபம் தரும் காற்று, சின்ன மோட்டாருக்கு எமன். ஆனி, ஆடி மாதங்களில் டிரோலிங் மோட்டாரை மட்டும் நம்பி உவரியிலோ இடிந்தகரையிலோ கடலில் இறங்குவது விளையாட்டல்ல. மாசி, பங்குனியில் கடல் ஒடுங்கி இருக்கும். அப்போதும் துடுப்பு இல்லாமல் போகக் கூடாது.

உப்பு சும்மா விடாது

ஏரித் தண்ணீருக்குச் செய்த மோட்டாரின் விலை குறைவாக இருக்கும். அதைக் கடலில் போட்டால் உப்பு தின்றுவிடும். ‘கடல் தண்ணீருக்கு ஏற்றதல்ல’ என்று கம்பெனியே சின்ன எழுத்தில் போட்டிருப்பான். அப்புறம் கியாரண்டி கேட்டுப் போக முடியாது. மின் கோட்டா கம்பெனியே கடலுக்கென்று ‘ரிப்டைடு’ என்று தனி ரகம் விற்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடல் ரகமா என்பதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. தண்ணீரில் மூழ்கும் பாகத்தில் கெட்டியான பூச்சு இருக்க வேண்டும். இறக்கைக்குப் பக்கத்தில் துத்தநாகத் துண்டு ஒன்று மாட்டி இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் முதலில் அந்தத் துண்டைத்தான் அரிக்கும். மோட்டார் உடம்பு பிழைக்கும். துண்டு கரைந்ததும் புதுசு போட வேண்டும். உள்ளூரில் அது கிடைக்குமா என்று வாங்கும்போதே விசாரிப்பது நல்லது.

ஒயர், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாக இருந்தால் பச்சைக் களிம்பு ஏறாது. 50 ஆம்பியர் போகிற இடத்தில் மெல்லிய ஒயரைப் போட்டால் சூடாகி உருகிவிடும். பாட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடாமல் படகைத் தள்ளக் கூடாது.

ஆசிட் பாட்டரிக்குள் கடல் தண்ணீர் புகுந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். ஆகவே மூடி உள்ள பெட்டியில், காற்றுப் போக வழி விட்டு, உயரமான இடத்தில் கட்டி வைக்க வேண்டும்.

கரைக்கு வந்ததும் மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஒரு நாள் தவறினாலும் உப்பு தன் வேலையைக் காட்டிவிடும்.

மலிவு எது?

வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரியைத் தூக்கிப் படகில் வைத்தால் போதாதா? பலருக்கும் இந்த யோசனை வரும். 150 ஏ.எச். டியூபுலர் பாட்டரி 50 கிலோவைத் தாண்டும். உயரமானது. படகு ஆடும்போது ஆசிட் சிந்தும். கார் பாட்டரி அதைவிட மோசம். ஒரு நொடி வேகமாகக் கரண்ட் கொடுத்து எஞ்சினைக் கிளப்புவதற்காக உள்ளது அது. மணிக்கணக்கில் இறக்கினால் சில மாதத்தில் படுத்துவிடும்.

விலையை இப்படிப் பார்க்க வேண்டும். ஆழமாக இறக்கி ஏற்றுவதற்கென்று உள்ள ஆசிட் பாட்டரி, பாதி வரை இறக்கினால் 300 முதல் 500 தடவை தாங்கும். லித்தியம் பெரோ பாஸ்பேட் பாட்டரி 2,000 தடவைக்கு மேல் தாங்கும்.

வருஷத்தில் 250 நாள் தொழிலுக்குப் போகிறவருக்கு, நன்றாகப் பார்த்துக்கொண்டால்கூட ஆசிட் பாட்டரி இரண்டு வருஷம். லித்தியம் எட்டு வருஷம். எட்டு வருஷத்தில் ஆசிட் பாட்டரி நாலு வாங்க வேண்டும். லித்தியம் மூன்று மடங்கு விலை என்றாலும் கடைசியில் அதுதான் மலிவு!

மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிற ஆபீஸ் ஆசாமிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு ஆசிட் பாட்டரியே போதும். சும்மா கிடக்கும் மாதங்களிலும் சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேகம் மாற்றும் விதத்தையும் கவனிக்க வேண்டும். ஐந்து படி சுவிட்ச் உள்ள பழைய ரகம், மெதுவாக ஓடும்போது மிச்சக் கரண்ட்டைச் சூடாக்கி வீணடிக்கும். படி இல்லாமல் ஒரே சீராகத் திருகும் எலெக்ட்ரானிக் ரகம் விலை கூடுதல். பாட்டரியில் அந்தக் காசு திரும்பி வந்துவிடும்.

சூரியத் தகடு வைக்கலாமா? 100 வாட் தகடு ஒரு நாள் முழுக்க வெயிலில் காய்ந்தால் அரை யூனிட்டுக்குள்தான் கொடுக்கும். முழு வேகத்தில் 40 நிமிஷ ஓட்டம். உதவிக்கு நல்லது. அதையே நம்பக் கூடாது.

கேரளத்தில் ஓடுகிறதே!

கேரளத்தில் வைக்கம் - தவணக்கடவு இடையே ‘ஆதித்யா’ என்ற சூரிய சக்திப் படகு 2017-ம் ஆண்டு ஜனவரியில் ஓடத் தொடங்கியது. 75 பேர் பயணம் செய்யும் படகு. கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் அந்தப் படகு பாட்டரிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

அங்கே எப்படி முடிந்தது? வேம்பநாட்டு ஏரியில் அலை இல்லை. தூரம் மூன்று கிலோ மீட்டருக்குள். தினமும் அதே தடம். கட்டு எடுத்தால் கரை. சார்ஜ் போட இடம் பக்கத்திலேயே.

தூரமும் தண்ணீரும் முன்கூட்டியே தெரிந்தால் பாட்டரி ஜெயிக்கும். மீன் எங்கே ஓடுகிறதோ அங்கே போக வேண்டிய கடல் தொழிலுக்கு அந்த வசதி இல்லை.

பெரிய எலெக்ட்ரிக் அவுட்போர்டுகளும் வந்துவிட்டன. ஜெர்மனியில் 2005-ம் ஆண்டு தொடங்கிய டார்க்கீடோ கம்பெனியை, மண்எண்ணெய் எஞ்சினுக்குப் பேர் போன யமஹா 2024-ம் ஆண்டு வாங்கிவிட்டது. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் அந்த விலைக்குச் சின்னப் படகுக்காரர் பக்கத்தில் போக முடியாது.

யாருக்கு லாபம்?

புன்னைக்காயல் கழிமுகம் போல அலை அடங்கிய உப்பங்கழியில், ஒருவர் இருவர் போகிற சின்னப் படகுக்கு 55 பவுண்டு கடல் ரக மோட்டார் நல்ல வாங்கல். எண்ணெய்ச் செலவு மிச்சம். சத்தமும் இல்லை.

திறந்த கடலில் கரை ஓரமாகப் போகிறவர்களுக்கு இது இரண்டாவது மோட்டார்தான். எஞ்சினில் போய், வலை போட்ட இடத்தில் அணைத்துவிட்டு, மெல்ல நகர இதை உபயோகிக்கலாம். எண்ணெய் குறையும். எஞ்சின் ஆயுள் கூடும். தண்டின் நீளம் மட்டும் போதுமானதாக இருக்க வேண்டும். கட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் இறக்கை வெளியே வந்து காற்றில் சுற்றும்.

ஆழ்கடல் தொழிலுக்கு மண்எண்ணெயும் டீசலும்தான் இன்றைக்கும் துணை. நாட்டுப் படகு எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் அரசு மானியத் திட்டங்கள் உண்டு. கடனுக்குப் போகுமுன் மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட வேண்டும்.

எந்த மோட்டாராக இருந்தாலும் துடுப்பு, நங்கூரம், மிதவைச் சட்டை மூன்றும் படகில் இருக்க வேண்டும். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. கடலோரப் பாதுகாப்பு போலீஸ் எண் 1093. செல்போனில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை வந்த நாளில் கரையில் இருப்பதே உத்தமம்.

புது மோட்டார் வாங்கியவர், முதல் நாளே தூரம் போகக் கூடாது. கரையைப் பார்த்தபடி காற்றை எதிர்த்து அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை தூரம் நகர்ந்தது, பாட்டரி எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் அந்தப் படகின் உண்மையான கணக்கு. விளம்பரத்தில் போட்டிருப்பது காற்று இல்லாத ஊரில் எழுதிய கணக்கு.